பெயர் ஒன்றுக்கு இருபது காசு

லாபிஸில், கைப்பேசிக் கடை மாடியில்
ஒரு பிரபு வம்சத்தைத் தட்டச்சு செய்கிறேன்.
டச்சோ ஜெர்மனோ, எல்லை அப்போது
ஆற்றோடு நகர்ந்துகொண்டிருந்ததாம்.

ஹெரார்ட் வான் எல்ஸ்பேக்.
அவன் மகன் ஹெரார்ட். அவன் மகனும்.
வான் என்றால் அங்கே இன்ன ஊர்க்காரன்.
எங்களுக்கு வான் இருண்டால்
பால்வெட்டு இல்லை,
கிராணி பேர் போடமாட்டார்.

மனைவிமார் கட்டத்தில் பாதிக்கு மேல்
என். என்.
பெயர் தெரியாது என்பதன் லத்தீன் சுருக்கம்.
ஆறு பிள்ளை பெற்றவள் என். என்.
இரண்டு கோட்டையைச் சீதனமாகக்
கொண்டுவந்தவள் என். என்.
கோட்டைகளுக்குப் பெயர் இருக்கிறது.

இதற்குக் கூலி உண்டா என்றேன்.
குணாளன் மைலோவை ஆற்றிக்கொண்டே
பேர் இல்லேன்னா காசு இல்ல, என்றார்.

நேற்று அடைமழை. இருமுறை மின்சாரம் போய்
இருமுறை வந்தது.
ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தேழில்
பிரசவத்தில் போனவளுக்கு
மாரிக்கண்ணு என்று போட்டேன்.
மாரிக்கண்ணு வான் எல்ஸ்பேக்.

இன்று காசு ஏறிவிட்டது.
சரிபார்த்தவர் ஒரே ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறார்:
கணவன் பெயரில்
ஓர் எழுத்து கூடுதலாம்.