அறுபது என்று சொன்னது

மீனுக்குப் புகை போடும் ஆலையில் எனக்கு வேலை.
மாலை டிராமில் ஏறினால்
பக்கத்து இருக்கை மெல்லக் காலியாகும்.
அது பழகிவிட்டது.
துவைத்து உலர்த்திய மேலங்கியும்
அதே வாடையோடு கொடியில் தொங்கியதுதான்
பழகவில்லை.

நள்ளிரவில், அறுபது டிகிரியில் ஓடிக்கொண்டிருந்த
வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடியில்
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
லியெபாயா கடற்கரையின் நவம்பர்.

பிழை எண் எதுவும் காட்டவில்லை.
தண்ணீர் எடுத்தது, உருட்டியது, கொட்டியது, சுழற்றியது,
முழுக் கூலிக்கும் உழைத்தவன்போல
முடிந்தது முடிந்தது என்று மூன்று முறை கூவியது.

கீழ்வீட்டு இல்கோனிஸ் டிராம் பட்டறைக்காரர்.
படிக்கட்டில் நின்றபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்:
"ஹீட்டர்தான். நூத்துக்கு நூறு.
இந்த ஊர்த் தண்ணி லட்சணத்தைக்
கெட்டிலுக்குள்ள பார்த்ததில்லையா?"
பார்த்திருக்கிறேன். வெள்ளையடித்த சுவர்.
இருபத்தெட்டு யூரோ எண்ணிக் கொடுத்துப்
புது ஹீட்டர் வாங்கினேன்.
மல்டிமீட்டரை அவரே இரவல் தந்தார்,
சிவப்பு வயரில் டேப் சுற்றியது.

ஞாயிறு.
ப்ளக்கைப் பிடுங்கிக் கதவின் கைப்பிடியில் சுற்றினேன்,
என் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்.
அடியிலிருக்கும் வடிகட்டியைத் திறந்ததும்
தண்ணீரோடு வந்தவை:
பத்து சென்ட், ஒரு பொத்தான்,
நோர்முண்ட்ஸ் போன பிறகும் போகாத
கிதார் மீட்டும் சில்லு.
சில்லைத் தனியாக எடுத்து வைத்தேன்.
ஏனென்று கேட்டால் பதில் இல்லை.

பின்பலகைக்கு எட்டு ஸ்க்ரூ.
ஏழு வந்தன.
எட்டாவதற்கு எண்ணெய், வசவு, மறுபடி எண்ணெய்.

வெளியே வந்த பழைய ஹீட்டர்
உடம்பெல்லாம் சுண்ணாம்பு பூத்திருந்தது.
குற்றவாளியின் முகம்தான், சந்தேகமே இல்லை.
புதியதை மாட்டினேன். ஓடவிட்டேன்.
உள்ளங்கையை வைத்தேன்.
நவம்பர்.

முதலில் செய்திருக்க வேண்டியதை
அதற்குப் பிறகுதான் செய்தேன்.
பழையதின் இரு முனைகளிலும் மீட்டரின் ஊசிகள்:
இருபத்தாறு ஓம்.
இருக்க வேண்டியதும் அதுதான்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுபடி ப்ளக். மறுபடி எட்டு ஸ்க்ரூ.
ஹீட்டரின் இடுப்பில் செருகியிருந்தது
சுண்டுவிரல் நுனியளவு சென்சர்,
பழையதிலிருந்து உருவி
நானே பத்திரமாகப் புதியதில் மாட்டியது.
தண்ணீர் எவ்வளவு சூடு என்று சொல்வது
அதற்கு ஒரே வேலை.
சூடேறினால் ஓம் குறையும், ஆறினால் கூடும்.
இந்தக் குளியலறைக் குளிருக்கு
ஐயாயிரம் காட்ட வேண்டும்.
ஆயிரத்து நூறு காட்டியது.
துணியால் துடைத்தேன், ஊதினேன்.
ஆயிரத்து நூறு.
அட்டவணையில் விரல் வைத்து இறங்கினேன்:
ஆயிரத்து நூறு என்றால் அறுபது டிகிரி.

சில்லென்ற தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு
போதும், எனக்குச் சூடாகத்தான் இருக்கிறது என்று
எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததோ.
மெஷின் அதை நம்பியது.
ஹீட்டரை யாரும் கூப்பிடவே இல்லை.

எழுந்திருக்கத் தோன்றாமல் தரையில் இருந்தேன்.
சுவரோடு முதுகில் ஜில்லிட்டது.
வென்ட்ஸ்பில்ஸிலிருந்து அக்கா அழைத்தாள்.
எப்படி இருக்கே என்றாள்.
நல்லாத்தான் என்று திறந்த வாயை மூடிக்கொண்டு,
ஸ்க்ரூக்களை ஒரு முறை எண்ணிவிட்டு,
"குளிருது. வந்துட்டுப் போயேன்" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

சென்சர் நான்கு யூரோ. புதன்கிழமை வந்தது.
இரவு கண்ணாடியில் ஆவி கட்டியது.
கையை எடுக்க வேண்டியிருந்தது.

மீட்டரைத் திரும்ப வாங்க வந்த இல்கோனிஸ்
வாசலிலேயே கேட்டார்:
"ஹீட்டர்தானே?"
"மாத்திட்டேன்" என்றேன்.
பொய்யில்லை.

பழைய ஹீட்டரை வினிகரில் ஊறப்போட்டிருக்கிறேன்.
இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கிறது.