எண்பத்தெட்டு சென்ரிமீற்றர்

பஞ்சிகாவத்தையில்
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.
ஒன்று, மூன்று பெட்டிகள் சுமந்து
கண்ணாடித் தடுப்பை உயர்த்திக்கொண்டு
யாழ்ப்பாணம் போய்வந்தும் களைக்காத முகத்தோடு.
மற்றது வெறும் பைக்.
சில்லு, தாங்கி, இருக்கை, விளக்கு.
சின்னப் பிள்ளை கீறினால் இப்படித்தான் கீறும்.

ருஸைக் நானா
பெரியதின் இருக்கையைத் துடைத்தபடி சொன்னார்:
"இதில குந்தினா இறங்க மனம் வராது, மிஸ்.
மழைக்கு மறைப்பு. காத்துக்கு மறைப்பு.
பின்னால சாய்மானம்கூட இரிக்கி.
பின்னால யாரு?"

"யாருமில்லை" என்றேன்.
அவர் சாய்மானத்தையும் துடைத்தார்.

புதுக்கடை நீதிமன்றில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை.
பதினாறு வருடம்.
சாட்சி தமிழில் அழுவார்,
நான் அதைச் சிங்களத்தில் அழாமல் சொல்வேன்.
"எனக்குத் தெரியாது" என்பதற்கும்
"எனக்கென்ன தெரியும்" என்பதற்கும் நடுவே
ஒரு மனிதனின் ஏழு வருடம் கிடக்கும்.
எடை பார்ப்பது எனக்குப் புதிதல்ல.

பெரியது இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
சின்னது நூற்று முப்பத்தேழு.
வித்தியாசம் எழுபத்தைந்து.
என்னைவிடப் பதினொரு கிலோ கூடிய ஓர் ஆள்
எப்போதும் என்னோடு வருவதுபோல.
அப்படி ஒருவரோடு ஒன்பது வருடம் வந்தேன்.
அதை இங்கே மொழிபெயர்க்க மாட்டேன்.

"விழுத்திப் பார்க்கலாமா?"
"என்னத்த?"
"பைக்கை. விழுந்தால் என்னால் தூக்க முடியுமா என்று."
கடைப் பையன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.
நானா சிரிக்கவில்லை.
பழைய டயர் இரண்டைத் தரையில் பரத்தி
நோயாளியைக் கிடத்துவதுபோல
பெரியதை மெல்லச் சாய்த்தார்.

முதுகைக் கொடுத்தேன், முழங்காலைக் கொடுத்தேன்.
எழுந்தது.
நெற்றி முழுக்க வியர்வை,
நெஞ்சு முழுக்க ஆசை.
அங்கேதான் சிக்கல்.
முடியாமல் போயிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

சின்னதை விழுத்தச் சொல்லி நான் கேட்கவே இல்லை.
அது பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றிரவு கொட்டாஞ்சேனையில்
எங்கள் ஒழுங்கையின் வாயை அளந்தேன்.
தண்ணீர்க் குழாய்க்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே
எண்பத்தெட்டு சென்ரிமீற்றர்.
பெட்டிகளோடு அது தொண்ணூற்றாறு.
மேல்மாடி மிசஸ் பெனடிக்டா யன்னலால் எட்டிப் பார்த்து
"என்ன பிள்ளை, காணிச் சண்டையா?" என்றார்.
"இல்லை, பைக்."
"பெட்டியைக் கழற்றினால் போகுமே."

கழற்றலாம்.
ஒவ்வொரு பின்னேரமும் கழற்றி
ஒவ்வொரு காலையும் பூட்டி,
இரவில் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்து
போகாத ஊர்களை அவற்றுள் அடுக்கிக்கொண்டு
படுக்கலாம்.
ஆனால் வாரத்தில் ஆறு நாள்
ஆமர் வீதியில் பஸ்ஸுக்கும் த்ரீவீலுக்கும் நடுவே
உடம்பை ஒடுக்கி நுழைகிறவள் நான்.
ஏழாம் நாளுக்காக ஆறு நாளும் சுமப்பதா?
இல்லை, அந்த ஒரு நாளையும் விற்றுவிடுவதா?
தீர்ப்பு மூன்று தரம் ஒத்திவைக்கப்பட்டது.

செவ்வாய்க்கிழமை காசைக் கட்டினேன்.

ஞாயிறு, விடிய ஐந்தேகால்.
களனிப் பாலத்தடிப் பெற்றோல் செட்.
சின்னதின் பின்னிருக்கையில் ஒரு பை,
ரப்பர் பட்டியால் இழுத்துக் கட்டியது.
புத்தளம்வரை. முடிந்தால் அதற்கு மேலும்.
காற்று நேரே நெஞ்சில்தான் அடிக்கும்,
அடிக்கட்டும்.

பக்கத்துப் பம்பில் வந்து நின்றது பெரியது.
இடப்பக்கப் பெட்டியில்
டயரின் கறுப்பு இன்னும் அழியவில்லை.
கொண்டுவந்தவர்
பெருவிரல் நுனிகளில் நின்று தடுமாறினார்.
சாய்மானத்தில் யாருமில்லை.
தலையசைக்கத் தோன்றியது எனக்கு,
அவருக்கல்ல, அதற்கு.

அவரோ
என் பைக்கை
தேவைக்கு மேல்
கொஞ்ச நேரம் பார்த்தார்.