மூன்று க

கொதிகலனைப் பார்த்துக்கொள்ளத்தான்
என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்,
வோரு நகரத்து மழலையர் பள்ளியில்.
ஏரி உறைந்து கிடந்த பிப்ரவரி.
ஹெல்வேவுக்குக் காய்ச்சல்.
பிள்ளைகள் தூங்கும்வரை ஏதாவது வாசி என்று
புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு நாற்பத்தொன்று.
ரொட்டிக்கடையில் விரலை நீட்டியே வாங்குகிறவன்.
தொலைபேசி அடித்தால் அடித்து ஓயட்டும் என்று விடுகிறவன்.
யாராவது பெயர் கேட்டால்
தானெல் என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
கேட்டவர் சட்டைப்பையில் எதையோ தேடத் தொடங்குவார்.

பதினோரு கட்டில்.
முதல் வரியிலேயே கரடி.
க
க
க
கம்பளிச் சட்டைக்குள் வியர்த்து வழிந்தது.
கண்ணை மூடிக்கொண்டேன், சிரிப்புக்காகக் காத்து.
சத்தமே இல்லை.
திறந்து பார்த்தால்
போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள்,
புதருக்குள் ஏதோ அசைகிறது,
இதோ வரப்போகிறது என்று.

கரடி! என்றேன்.
வீலென்று கத்தினார்கள்.
இன்னொரு தரம், என்றான் உக்கு.

திங்களன்று ஹெல்வே வந்துவிட்டாள்.
நன்றாக வாசிப்பாள், தண்ணீர் ஓடுகிற மாதிரி.
பாதிக் கதையில் மிர்தெல் எழுந்து
காலுறையோடு படியிறங்கி
கொதிகலன் அறை வாசலில் வந்து நின்றாள்.
"அவங்களுக்குக் கரடி சொல்லத் தெரியல.
உடனே வந்துடுது."

கரிக் கையைக் கழுவினேன்.
படியேறும்போது முழங்கால் நடுங்கியது,
இல்லை என்று சொல்ல மாட்டேன்.
"நாளைக்கு ஓநாய்," என்றாள்
முன்னால் ஏறிப் போனபடி.

உயிரெழுத்தில் எனக்குத் திக்காது.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.