தொண்ணூற்றிரண்டு கிலோ

சோப்புக்கறை என்றுதான் நினைத்திருந்தேன்
தொட்டியும் சுவரும் சேருமிடத்தில் ஓடிய
அந்தக் கறுப்புக் கோட்டை.

கீழ்வீட்டு ஜீத்ரா கைப்பேசியை மூக்கருகே நீட்டினாள்:
"பார், என் கூரையில் உன் குளியல்."
மஞ்சள் கரை கட்டிய பழுப்புத் தீவு.
மூன்று முறை நான் குளித்தால்
விரற்கடை அளவு வளர்கிறதாம்.

ரீகாவின் கிழக்கு ஓரம்.
ஒரே அச்சில் வார்த்த ஒன்பது மாடி.
என் தொட்டிக்கு நேர் கீழே அவள் தொட்டி,
அதற்கும் கீழே இன்னொருவருடையது.
ஒருவர் தலைமேல் ஒருவர்
அம்மணமாய்க் குளிக்கிறோம்,
படிக்கட்டில் முகம் பார்க்காமல் கடந்துபோகிறோம்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன்.
பழைய பசையைக் கீறி இழுத்தால்
கொஞ்சம் நீளமாய் வந்தது,
கொஞ்சம் வரமாட்டேன் என்றது.
உள்ளே வேறொரு பசை, அதற்குள் சிமெண்ட்,
அதற்கும் உள்ளே யாரோ திணித்த செய்தித்தாள்.
ஈரத்தில் ஊர்ச்செய்தி எல்லாம் கூழாகி
வானிலை மட்டும் பாதி மிச்சம்:
'மாலையில் மழைக்கு'
அவ்வளவுதான்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
தலைமுடி காயவைக்கும் காற்றை இடுக்குக்குக் கொடுத்தேன்.
மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை டேப் ஒட்டினேன்.
அப்புறம்தான் படித்தேன்
டியூபின் முதுகில் பொடி எழுத்தை:
தொட்டியை நிரப்பிவிட்டுப் பூசவும்.

அக்ரிலிக் தொட்டி.
ஆள் இறங்கினால் மயிரிழை தாழும்.
காலியாக இருக்கையில் பூசிய பசை
அந்த மயிரிழையில் கிழியும்.
சுமக்கும்போது எவ்வளவு பிளக்குமோ
அவ்வளவும் பிளக்கவிட்டு மூடவேண்டும்.
எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும்
காலியாக வைத்தே அடைத்திருக்கிறார்கள்.

குழாயைத் திருகினேன். காற்று இருமியது.
நாலு மணிவரை தண்ணீர் இல்லை என்று
லிஃப்டில் ஒட்டியிருந்ததை
நானும்தான் பார்த்தேன்.

உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று.
தையல் மெஷின். அகராதிகள்.
அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று
ஆர்வீட்ஸ் விட்டுப்போன இரும்புக் குண்டுகள்
(அந்த 'அப்புறம்' மூன்று குளிர்காலம் பார்த்துவிட்டது).
தொட்டி அசையவே இல்லை.

மணி அடித்தது.
டிராலிபஸ் ஓட்டுநர் சீருடையில் ஜீத்ரா,
ஒரு மாடி ஏறுவதற்குள்
சண்டைக்கு வேண்டிய மூச்சைச் சேர்த்துக்கொண்டு.
"எத்தனை கிலோ இருப்பீர்கள்?" என்றேன்.

என்னைப் பார்த்தாள். உள்ளே எட்டிக் கிழங்கைப் பார்த்தாள்.
"தொண்ணூற்றிரண்டு.
ஷூவைக் கழற்றினால் தொண்ணூற்றொன்று."

குண்டுகளுக்கு நடுவில் இறங்கி உட்கார்ந்தாள்,
மடியில் மூட்டை.
தொட்டி முனகியது. இடுக்கு வாய் திறந்தது:
ஒரு நாணயம் நுழையும் இருட்டு.

துப்பாக்கியை அழுத்தினேன்.
வெள்ளைப் புழுவாய் ஊர்ந்து வந்தது. காடி நெடி.
"ஹெர்ரிங் ஊறின ஜாடி" என்றாள்.
சோப்புத் தண்ணீர் தொட்ட விரலை
மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பு,
அவள் முழங்கையைச் சுற்றிக்கொண்டு,
அவள் முதுகுக்குப் பின்னால், மூச்சுவிடாமல்.
டேப்பை உரித்தேன்.
தரையோரத்துக்கு மண்டியிட்டேன்,
அங்கேதான் வேலை அதிகம்.

அரை மணியாவது ஆடக்கூடாது என்று சொல்ல
நிமிர்ந்தால், தூங்கியிருந்தாள்.
தலை டைல்ஸில் சாய்ந்து,
ஈரப் பசைக்கு இரண்டு விரல் மேலே.

காலை நாலரைக்கு முதல் வண்டி எடுப்பவள்.
பதினோரு இரவு
அவள் பக்கெட்டில் விழுந்த சொட்டு
எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்.

குளியலறைத் தரையில் உட்கார்ந்தேன்.
இவள் எழுந்தபின் நிரப்பவேண்டும்,
நாளை மாலைவரை அப்படியே நிற்கவேண்டும் தண்ணீர்.
கைக்கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தெட்டு.
குழாயைத் திருகினேனே,
திரும்ப மூடினேனா?

முழங்காலில் எழும்பி
பசையில் படாமல், அவள் மூக்கில் இடிக்காமல்,
அவளுக்கு மேலாகக் கையை நீட்டுகிறேன்.
குழாய் ஒருமுறை இருமுகிறது.