ஓரத்து முறுகல்

ஜூலை இரண்டாம் சனிக்கிழமைக்கு
ஒன்பது நாள் இருக்கையில்
ஆர்லின் கூப்பிட்டான்.
நலம் விசாரிக்கவில்லை, மழையைப் பற்றிப் பேசவில்லை.
"சோளம்?" என்றான்.
"கொண்டுவரேன்" என்றேன்.
வைத்துவிட்டான்.

மார்ச்சில்தான் கையெழுத்துப் போட்டிருந்தோம்
அவன் அக்காவும் நானும்.
வீடு அவளுக்கு, டிரக் எனக்கு,
நாய் தானே முடிவு செய்துகொண்டது.
மச்சான் முறை யாருக்கு என்று
எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.
சோளம் யாருக்கு என்றும்தான்.

விடிந்ததும் சாலையோர வண்டியில்
இருபது மக்காச்சோளக் கதிர் பொறுக்கினேன்.
தோகையைக் கொஞ்சம் விலக்கி
நகத்தால் ஒரு மணியைக் கீறினால் பால் தெறிக்க வேண்டும்.
தண்ணீராக வந்தால் இன்னும் இளசு,
மாவாக வந்தால் முற்றல்.
விற்றவள் முறைத்தாள்:
"கீறினதை எல்லாம் வாங்கிக்கணும்."
வாங்கிக்கொண்டேன்.

மணியை அறுப்பது எல்லாருக்கும் வரும்.
அறுத்த பிறகு கத்தியைத் திருப்பி
அதன் முதுகால் சக்கையை அழுத்தி வழிக்க வேண்டும்.
அங்கேதான் இருக்கிறது சங்கதி.
மூக்குக்கண்ணாடியில், காதில், சுவரில், எங்கும் தெறிக்கும்.
வாடகை வீட்டின் புத்தம்புது வெள்ளைச் சுவர்.
முன்பணத்தில் கொஞ்சம் போயிற்று.

முட்டை ஆறு. க்ரீம். உருக்கின வெண்ணெய்.
சர்க்கரை
அவர்கள் வீட்டுக் கணக்கில் அரைக் கப்.
என் அம்மா பார்த்திருந்தால்
இது சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளவா,
பிறந்தநாளுக்கு வெட்டவா என்று கேட்டிருப்பாள்.
கால் கப்போடு நிறுத்தத்தான் இந்தமுறை நினைத்தேன்.
இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில்
கை அரைக் கப்பில் போய் நின்றது.

ஜாதிக்காய் சும்மா ஓர் இழைப்பு.
வெந்நீர்த் தட்டில் பாத்திரத்தை இறக்கி
ஓவனுக்குள் ஐம்பது நிமிஷம்.
ஓரம் பிடித்திருக்க வேண்டும், நடு மட்டும் நடுங்க வேண்டும்,
கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாதிருக்கப் பார்க்கும்
ஒருவன் தோள்போல.

கென்டக்கி மலைப்பாதை நாற்பது மைல்.
பக்கத்து சீட்டில் துண்டு சுற்றி உட்காரவைத்து
பெல்ட்டும் மாட்டினேன்.
வளைவுகளில் கை தானாக அந்தப் பக்கம் நீண்டது.
அந்த சீட்டுக்கு அப்படி நீண்டு பழகின கை.

ஆற்றோரத் தகரக் கொட்டகையில் அறுபது பேர்.
பேச்சு அரை நொடி நின்று மறுபடி ஓடியது.
ஓலீட்டா மட்டும் பீன்ஸ் சட்டியைத் தள்ளி
இடம் செய்தாள்.
அந்த இடத்துக்குப் பக்கத்தில்
ஏற்கெனவே ஒரு சோளம் இருந்தது.
டப்பா சோளம், பாக்கெட் மாவு, மேலே சீஸ்.
டெல்பர்ட் கொண்டுவந்தது.
டெல்பர்ட் இந்த வருஷம்தான் வருகிறார், ரோவீனாவோடு.
"எங்கிட்ட யாரும் சொல்லலை" என்றார்.
காதெல்லாம் சிவந்திருந்தது.
ஒரு கரண்டி வாங்கித் தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஜெபத்துக்குத் தலை குனிந்தார்கள்.
குனிந்தபடியே என் பாத்திரத்தைப் பார்த்தேன்.
வரிசை இன்னும் தொடங்கவில்லை,
கரண்டிகூட யாரும் போடவில்லை,
ஆனால் இடது மூலையைக் காணோம்.
முறுகிச் சிவந்த மூலை,
கத்தியால் நேராகக் கீறி எடுத்திருந்தது.
எதிரே ரோவீனா
கண்ணை இறுக மூடியிருந்தாள்.
தாடை மட்டும் அசைந்தது,
ஆமென் வர வெகுநேரம் இருந்தபோது.

கிளம்புகையில் ஆர்லின் டிரக் கதவைப் பிடித்துக்கொண்டு
யார் என்ன கொண்டுவருவது என்ற பட்டியலில்
ஏதோ அடித்து ஏதோ எழுதினான்.
"அடுத்த வருஷம் டெல்பர்ட்டுக்கு ஐஸ்."
நானும் அங்கேதான் தொடங்கினேன்.
இரண்டு மூட்டை ஐஸ்,
வந்து சேர்வதற்குள் பாதி உருகி.