இலேசான நீளா இழை

இலேசான நீளா இழையொன்றின் ஒரு நுனி
கூரையில் பொருத்தப்பட்டு
ஒப்பமான அசையும் கப்பியின் கீழாகவும்
நிலைத்த கப்பியின் மேலாகவும் செல்கிறது
என்று தொடங்குகிறது ஆறாவது கேள்வி.

மல்லாவியில்
இலேசான எதையும் நான் தூக்கியதில்லை.
ஒப்பமான எதிலும் சைக்கிள் ஓடியதில்லை.
கிரவல் றோட்டில் செயின் கழன்ற இடத்தில்
உராய்வைப் புறக்கணித்துப் பார்த்தேன்.
கை முழுக்க கிறீஸ்.

இணைந்த கணிதத்துக்கு ஆறு பேர் வந்தோம்.
முதலாம் தவணையோடு இரண்டு பேர் வர்த்தகம்.
மேரி ஸ்ரெலா
தொகையீடு தொடங்கிய கிழமையே கலைப்பிரிவுக்குப் போய்
நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள்,
இடைவேளையில் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுகிறாள்.
மிச்சம் வேணுஜன், கம்சிகா, நான்.
மூன்று கதிரைக்கு ஒரு வகுப்பறை.
படிப்பித்த சேருக்கு ஆனியில் இடமாற்றம் வந்தது.
கரும்பலகையில் அவர் விட்டுப்போன சமன்பாட்டை
ஒருவரும் அழிக்கவில்லை.
அதன் வலப்பக்கம் இன்னும் வெறுமை.

சனிக்கிழமை ஐந்தரை பஸ்.
மாங்குளத்தில் இறங்கி, ஏறி,
கிளிநொச்சிக்குப் போனால்
தகரக் கொட்டகைக்குள் நூற்றி நாற்பது பேர்.
மைக்கில் சொல்கிறார் அங்குள்ள சேர்:
"இது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே."
நூற்றி நாற்பது தலையும் ஆடுகிறது.
என்னுடையதும் ஆடியது.
அதுதான் எனக்கு ஆத்திரம்.

இரண்டாம் தவணையில் பதினேழு புள்ளி.
பதினேழு முதன்மை எண் என்றான் வேணுஜன்,
ஆறுதலாம்.
அவனுக்குப் பத்தொன்பது.
அதுவும்தான்.

பிரிவு மாறும் படிவத்தை
அதிபரின் கந்தோரில் வாங்கி நிரப்பி,
காரணம் என்ற கோட்டில் மட்டும் ஒன்றும் எழுதாமல்
புத்தகப் பைக்குள் வைத்திருந்தேன்,
பதினொரு நாள்.

அம்மா கார்மென்ற்ஸ் பஸ்ஸில் வந்திறங்க ஏழரை.
மணித்தியாலத்துக்கு அறுபத்தைந்து கொலர் தைக்கிறவ.
"ஒரு கணக்குக்கு எவ்வளவு நேரம் பிள்ளை?"
"செவ்வாய்க்கிழமை தொடங்கினது."
அன்று வெள்ளி.
விரலில் ஊசி ஏறிய இடத்தைப் பார்த்துக்கொண்டு
"உங்கட சுப்பவைசர் நல்லவர் போல" என்றா.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
கம்சிகா வட்சப்பில் அனுப்பிய படத்தில்
பாதி அவள் செய்கை, பாதி அவள் பெருவிரல்.
"நாலாவது வரியில பிழை.
என்னெண்டு தெரியேல்ல."
போனில் ஒன்பது வீதம் சார்ஜ்.
இருட்டில் கைக்கு அகப்பட்ட தாள்
அந்தப் படிவம். பின்பக்கம் சுத்தம்.

அம்புக்குறிகள் கீறினேன்.
இழுவை மேலே, நிறை கீழே.
திணிவின் ஆர்முடுகல்
கப்பியினதைப்போல் இரண்டு மடங்கு.
மூன்று மாதமாக நான்
கந்தசஷ்டி போலப் பாடமாக்கி எழுதுகிற வரி.
ஏன் இரண்டு?

அம்மாவின் நூற்கட்டையை எடுத்து
ஒரு நுனியை யன்னல் ஆணியில் கட்டி
கதவுப் பூட்டின் வளையத்துக்குள்ளால் விட்டு
மற்ற ஆணிக்கு மேலால் கொண்டுவந்து இழுத்தேன்.
இரண்டு சாண் இழுத்தால்
பூட்டு ஒரு சாண்தான் எழும்புகிறது.
திரும்ப இழுத்தேன்.
இழை நீளாது.
நான் இழுத்ததை
பூட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
பங்குபோட வேண்டியிருக்கிறது.
அவ்வளவுதான்.
'நீளா' என்ற சொல்
அங்கே அழகுக்கு இருக்கவில்லை.

"என்னடி சத்தம்?" அம்மா பாயிலிருந்து.
"பூட்டு."
"பூட்டிட்டுப் படு."

கம்சிகாவின் நாலாவது வரியில் இரண்டைக் காணவில்லை.
அதை எழுதி அனுப்பினேன்.
ஒரு சரி விழுந்தது. மற்றது விழ முன்
போன் செத்தது.

மூன்றாம் தவணையில் இருபத்தாறு.
முதன்மை எண்ணில்லை என்றான் வேணுஜன், கவலையோடு.
படிவத்தின் முன்பக்கத்தில்
மை ஊறி, காரணம் என்ற கோட்டில்
ஒரு அம்புக்குறியின் வால் தெரிகிறது.
இனி அதை ஒருவரிடமும் கொடுக்கேலாது.

ஏழாவது கேள்வி:
கரடான சாய்தளமொன்றின் மீது...

கரடு என்றால் கொஞ்சம் தெரியும் என்று
பேனையை எடுத்தேன்.
அதுவும் இன்னும் வரவில்லை.