செமேக்கின் வீடு நாற்பதடி போனது

கால் தூண்களில் சிவப்புச் சாயத்தால்
பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள் சாலைக்காரர்கள்.
நோன்பு பிறக்குமுன்
நாற்பதடி பின்வாங்கணும் வீடு.

தூக்கிடலாம் என்றார் டெராமான்.
ஆற்றங்கரையிலிருந்து தூக்கி வந்துதானே இங்கே வைத்தோம்,
ஐம்பது பேர், ஒரே மூச்சு,
மரம்தானே, பாதி இடத்தில் ஆணிகூடக் கிடையாது.

அந்த ஐம்பது பேர்
ஜொகூரில் செம்பனைக் குலை வெட்டுகிறார்கள்,
நடுக்கடல் எண்ணெய் மேடையில் வால்வு திருகுகிறார்கள்,
சிலர் மசூதிக்குப் பின்னே
இரண்டு கல்லுக்கு நடுவில் கிடக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
ஒலிபெருக்கியில் கூப்பிட்டும் வந்தது பதினொருவர்.
இருவருக்கு முட்டி வலி.
ஒருவருக்கு யோசனை சொல்ல மட்டும் வரும்.

பின்பக்கம் இன்னொரு வம்பு:
செங்கல் சமையல்கட்டு.
மகள் ரொஹாயு ஏழு மாத ஓவர்டைமில் கட்டியது.
சிமெண்டை எவன் தோளில் ஏற்றுவான்?
நில அலுவலகத்து ஆள் அட்டையில் எழுதினான்:
தென்னை ஆறு, ரம்புத்தான் மூன்று, கோழிக்கூண்டு ஒன்று,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை.
சமையல்கட்டு: அனுமதி இல்லாத கட்டடம்.
எதிரே ஒரு சுழி.
செமேக் அந்தச் சுழியைக் குனிந்து பார்த்தாள்,
பருப்பில் கல் பார்க்கிறவள் மாதிரி.

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன்.
மூன்றரைக்கு முதல் ஷிப்டை இறக்குவேன்,
முப்பத்தொரு பெண்கள், நீலச் சட்டை,
பூதக்கண்ணாடி வழியே நாளெல்லாம்
மயிரைவிட மெல்லிய கம்பி ஒட்டிச் சிவந்த கண்கள்.
அன்றைக்கு மூங்கில்கள் தெருவை மறித்துக் கிடந்தன.
பிரேக் போட்டேன்.

முதலில் இறங்கியவள் ரொஹாயு.
செருப்பைக் கழற்றி படிக்கட்டோரம் வைத்தாள்,
வீட்டுக்குள் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.
அடியில் போனாள்.
பின்னாலேயே ஜாரா, மெக் யாம், இரட்டையர் இருவர்,
டிபன் டப்பாக்களை என் இஞ்சின் மூடிமேல் அடுக்கிவிட்டு
மற்றவர்களும்.

ஆணும் பெண்ணும் ஒரே கழியா என்று யாரோ இழுத்தார்கள்.
இமாமுக்கு அந்த நேரம் பார்த்துத்தான்
கிணற்றடியில் வேலை வந்தது.
போனவர் வெகுநேரம் முகம் கழுவினார்.

நானும் குனிந்தேன்.
"சத்து, டுவா, தீகா" என்றார் யோசனைக்காரர்.
முதல் தடவை வீடு முனகியது, அவ்வளவுதான்.
இரண்டாம் தடவை
சமையல்கட்டைப் பிடித்திருந்த பலகை படீரென்று விட்டது,
பானைகள் சிரித்தன,
பிறகு தலைக்குமேல் ஒரு முழு வீடு,
சன்னல் திரையோடு, சுவர்க் கடிகாரத்தோடு,
தூங்கிக்கொண்டிருந்த பூனையோடு,
நகர்ந்தது.

வழியெல்லாம் ஒருத்தி சிரித்துக்கொண்டே இருந்தாள்.
மூச்சு வாங்கும்போது சிரிக்காதே என்று திட்டினோம்.
முடியவில்லை அவளுக்கு.

இப்போது சாலை அகலமாகிவிட்டது.
சமையல்கட்டு மட்டும் அதன் ஓரத்தில் ஒற்றையாய் நிற்கிறது,
சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே.
மேலே தகரம் போட்டுவிட்டாள் செமேக்.
லாரிக்காரர்களுக்கு வாழையிலையில் தேங்காய்ச் சோறு,
நெத்திலிச் சம்பல்.
வீட்டுப் பத்திரத்தில் இல்லாத அவள் பெயர்
கடை லைசென்ஸில் இருக்கிறது,
ஓர் எழுத்துப் பிழையோடு.
திருத்த வேண்டாம் என்றுவிட்டாள்.

வீடு ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது.
எலுமிச்சை கீழே விழுந்தால்
வடக்கு மூலைக்கு உருண்டு போகிறது.
பெண்பிள்ளைகள் தூக்கினால் இப்படித்தான் என்கிறார் டெராமான்.
வடக்கு மூலை
உங்கள் பதினொருவர் பிடித்தது, அப்பா என்கிறாள் ரொஹாயு,
நகத்துக்குச் சாயம் பூசியபடி,
தலை நிமிராமல்.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள் இருவரும்.
நானும் அந்த மூலையில்தான் இருந்தேன்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.